மரகதம் ஓட்டிய ஜாகுவார்

கார்கள் தாமே ஓடும் காலம் அது. மனிதக் கையால் சாலையில் கார் ஓட்ட வேண்டுமென்றால், கண்ணும் கையும் எத்தனை வேகம் என்று இயந்திரம் சோதிக்கும். அந்த ஆண்டு கோவையில் ஒன்பது பேர்தான் தேறினார்கள். கணவருக்குத் துணையாகப் போய் விளையாட்டாகச் சோதனையில் உட்கார்ந்த மரகதமும் அதில் ஒருத்தி. அவள் கணவர் வடிவேலு தேறவில்லை.

ஆனால் 1954ஆம் வருடத்து ஜாகுவார் காரைப் பதினோரு வருடம் பாடுபட்டு ஓடவைத்தவர் அவர்தான்.

ஞாயிறு காலை மரகதம் சாவியைத் திருப்பினாள். கார் கிளம்பவில்லை.

"பழைய வண்டி. இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்றார் வடிவேலு. சற்றுமுன் ஒயரைக் கழற்றிவிட்டவரே அவர்தான்.

மரகதம் இறங்கி பானெட்டைத் திறந்தாள். கழன்று கிடந்த ஒயரை ஒரு நிமிடத்தில் மாட்டினாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமா இவளப் பத்தியேதானுங்க பேசுனீங்க. எங்கிட்ட இல்லாதது இவகிட்ட என்ன இருக்குதுன்னு, நீங்க வெளிய போறப்பெல்லாம் தொறந்து பாப்பனுங்க."

பிறகு பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறுங்க."

ஏறினார். வண்டி அவிநாசி சாலைக்கு வந்தது.

"கியரை மெதுவா மாத்து," என்றார் அங்கே.

"மெதுவாத்தானுங்க மாத்தறேன்."

உண்மைதான். வீட்டு வளாகத்துக்குள் அவர் ஓட்டிப் பார்த்தபோது ஒருநாளும் அந்த வண்டி இப்படி வழுக்கிக்கொண்டு போனதில்லை. வடிவேலு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.