மணல் யாருடையது

மறுபடியும் அதே பதில்தான்.

"அது எங்க லிமிட் இல்லீங்க மேடம்."

சப்-கலெக்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய், முகத்துவாரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கருப்பாகப் படர்ந்து கிடந்தது. எது யார் லிமிட் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கடல் ஏறத் தொடங்கிவிட்டது. ஏறுகிற தண்ணீர் முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் போகும். எண்ணெயும் கூடவே போகும்.

கழிக்குள் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியை வாயில் கவ்வியிருந்தார்கள். அவள் மேலே வரச் சொன்னாள். வந்தார்கள். சம்பூர்ணம் என்பவள் மட்டும் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னிக்கு ஏறிட்டோம்மா. நாளைக்கு எதுல எறங்கறது?"

அவள் திரும்பி முகத்துவாரத்தைப் பார்த்தாள்.

இத்தனைக்கும் முகத்துவாரம் அகலமானதில்லை. மணலைத் தள்ளி மூடிவிட்டால் எண்ணெய் வெளியிலேயே நின்றுவிடும். கோடையில் கடலே அதை மூடிவிடுகிறது. யாரிடமும் கேட்பதில்லை.

பொக்லைனும் இருந்தது. கண்ணெதிரே. அமைச்சரின் கார் கரை வரைக்கும் வர, மணலில் பாதை போட்டுக்கொண்டிருந்தது.

எண்ணெய் வருகிறது என்று காலையிலேயே சொன்னார்கள். ஒரு மண்வெட்டிகூட வரவில்லை. அமைச்சர் வருகிறார் என்றதும் பொக்லைன் வந்துவிட்டது.

தண்ணீருக்கான துறை, எண்ணெய் எங்களுடையதில்லை என்றது. எண்ணெய்க்கான துறை, மணலைத் தொட அதிகாரமில்லை என்றது. மணலுக்கு உரியவர்கள், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மேலே இருந்தவர் மீட்டிங்கில் இருந்தார்.

எண்ணெய்க் கசிவு பற்றிய மீட்டிங்.

அட, என்ன பிழைப்பய்யா இது.

முதல் அலை முகத்துவாரத்தின் வாயில் கருப்பாக வந்து நக்கிவிட்டுப் போனது.

பின்னால் நின்ற அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். யாராவது சொல்லட்டும் என்ற முகம். காலையிலிருந்து தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போனை அணைத்துப் பையில் போட்டாள். செருப்பில் மணல் ஏற நேராகப் பொக்லைனிடம் போனாள்.

ஓட்டுநர் மாதேஷ் தருமபுரிப் பக்கத்துக்காரன். எஞ்சினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டான். மூடிவிடலாம் என்றான். அப்புறம் தயங்கினான்.

"யார் சொன்னாங்கன்னு கேட்டா என்னங்க மேடம் சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவன் பாதையைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான்.

மணல் விழ விழ, பின்னால் இருந்த அதிகாரிகள் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

கடைசி வாளி மணல் விழுந்தபோது கடல் நன்றாக ஏறியிருந்தது. எண்ணெய் வந்து மணலில் முட்டியது. நின்றது.

அமைச்சரின் கார் பாதி வழியில் புதைந்தது. அவர் இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். ஒரு பக்கம் கருப்பு. மறுபக்கம் பழையபடியே தண்ணீர். நடுவில் ஈரம் காயாத மணல்.

"இதை யாருய்யா செய்யச் சொன்னது?"

காலையிலிருந்து எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாதவர்கள். இதற்கு மட்டும் ஒருவருக்கும் மேலே கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கைகளும் ஒன்றாக அவளை நோக்கி நீண்டன.

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. கழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பூர்ணம் பறியை வாயில் கவ்விக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தாள்.