நாலாம் நம்பர் ஒயர்

"மெஷின் பொய் சொல்லாது, கோச். நாலாம் நம்பரை இறக்குங்க."

சொல்லிவிட்டு க்ளெனிஸ் தேநீர்க் கோப்பையை நங்கென்று வைத்தாள்.

படகுக் கொட்டகையில் எட்டுப் பெண்கள், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நாலாவது இருக்கைக்காரி வைமரி, பாதி கடித்த பிஸ்கட்டோடு அப்படியே நின்றாள்.

சனிக்கிழமை கராபிரோ ஏரியில் மூத்த பெண்களுக்கான போட்டி. போன வருஷம் அரைப் படகு நீளத்தில் தோற்றார்கள். யாரோ ஒருத்தி சரியாக இழுப்பதில்லை என்று அன்றிலிருந்து க்ளெனிஸ் சொல்லி வந்தாள். அந்த ஒருத்தி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எட்டுத் துடுப்புக்கும் அடியில் எட்டு சென்சார். படகின் பின்முனையில், திசை பார்க்கும் பிப்பின் காலடியில், எட்டுத் துளையுள்ள ஒரு பெட்டி. ஒவ்வொருத்தியின் இழுப்பையும் நொடிக்கு நூறு தடவை அளந்து, எண்ணாக்கி, கோச் மால்கமின் லேப்டாப்புக்கு அனுப்பிவிடும்.

ஒயர்களை எல்லாம் மாட்டியது வைமரிதான். பால் பவுடர் தொழிற்சாலையில் அவளுக்கு அதுதான் வேலை.

"தன்னைக் காட்டிக்கொடுக்கற மெஷினைத் தானே மாட்டியிருக்கா, பாவம்" என்றாள் க்ளெனிஸ்.

திரையில் எட்டுக் கோடுகள். ஆறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயின. நாலாவது கோடு கீழே படுத்துக் கிடந்தது. ஐந்தாவது எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

"அஞ்சு என்னோடது" என்றாள் க்ளெனிஸ், யாரும் கேட்காமலே. "தோள்ல ஆபரேஷன் ஆகி வந்து நாலு மாசம்தான் ஆகுது. நான் இழுக்கலையா?"

வைமரி திரையைப் பார்த்தாள். படகைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், க்ளெனிஸின் தோளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"அஞ்சு நாள் குடுங்க, கோச். நாலாம் நம்பர் ஏறலைன்னா நானே இறங்கிக்கறேன்" என்றாள் வைமரி. "மாத்து ஆளா ஜொசெலின் உட்காரட்டும்."

துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். ஐந்தாமவளுக்கு நாலாமவள் கண்ணில் படவே மாட்டாள். நாலாமவளுக்கோ ஐந்தாமவளின் முதுகை விட்டால் வேறு காட்சி இல்லை. கண்ணால் பார்க்காத ஒருத்தியைத் திட்டுவது க்ளெனிஸுக்குக் கொஞ்சமும் சிரமமாக இல்லை.

"என் முதுகைப் பாருடி. காலை ஊணி, கடைசி வரைக்கும் இழுக்கணும். பயப்படக் கூடாது."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். இன்னும் கொஞ்சம் இழுத்துக் காட்டேன்."

"இதுக்கு மேலயா?"

"எனக்குக் கொஞ்சம் மந்தம். நல்லாக் காட்டினாத்தான் ஏறும்."

மந்தத்துக்குப் பாடம் எடுக்க வேண்டுமே என்று க்ளெனிஸ் மூச்சைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். முதல் நாள் தோள் ஒரு முறை முனகியது. அப்புறம் அதுவும் மறந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நாலாம் கோடு தலை தூக்கியது. புதன்கிழமை இன்னும் ஏறியது. வெள்ளிக்கிழமை ஐந்தாம் கோட்டைத் தொட்டுவிட்டது.

"எல்லாம் என் வாயோட வேலை" என்று ரொட்டிக் கடைக்காரரிடம்கூட க்ளெனிஸ் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை பாதி ஏரி வரை பின்னால்தான் இருந்தார்கள். "நாலு, இழுடி" என்று க்ளெனிஸ் முன்னால் பார்த்தபடியே கத்தினாள். கத்தின வேகத்தில் தானும் இழுத்தாள். படகு எழும்பிப் பறந்தது. முழுசாக ஒரு படகு நீளம் முந்தி ஜெயித்தார்கள். ஜெயித்த படகுக்காரர்களின் வழக்கப்படி பிப்பைத் தூக்கி ஏரியில் போட்டார்கள். மால்கம் தானாகவே போய் விழுந்தார்.

எல்லாரும் சாஸேஜ் சுடுகிற இடத்துக்கு ஓட, வைமரி மட்டும் கரையேற்றிய படகில் ஒயர்களைக் கழற்ற வந்தாள். பின்னாலேயே க்ளெனிஸ், கழுத்தில் பதக்கத்தோடு.

"அந்த நாலாம் நம்பர் ஒயரை நான்தான் கழட்டுவேன். ராசியான ஒயர்."

"வேணாம், நான் பாத்துக்கறேன். நீ போய்ச் சாப்பிடு."

"அட, விடுடி."

பெட்டியின் நாலாம் துளையிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். இருக்கைகளை முன்முனையிலிருந்து எண்ணுவார்கள். பின்முனையில் இருப்பது எட்டு. ஒயர் எட்டைத் தாண்டியது. ஏழு, ஆறு. அடுத்த இருக்கையோடு ஒயர் முடிந்துவிட்டது.

க்ளெனிஸ் உட்காரும் ஐந்தாம் இருக்கை.

ஐந்தாம் துளையின் ஒயரைப் பிடித்துப் பார்த்தாள். அது தன் இருக்கையைத் தாண்டி வைமரியின் துடுப்புக்குப் போனது.

ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்கு லேப்டாப்பைப் பாத்ததுமே. பெட்டி இருக்கற பக்கத்துலேர்ந்து எண்ணி மாட்டிட்டேன், தொழிற்சாலைப் பழக்கம். தப்பு என்னோடதுதான்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா உன் சட்டப்படி நீ இறங்கணும். இறங்கினா திரும்பி ஏறவே மாட்ட. உன் தோள் என்னைக்கோ ஆறிடுச்சு, பயம்தான் ஆறலை. நாலு மாசமா அந்த முதுகை நான்தானே பாக்கறேன்."

தூரத்திலிருந்து, சொட்டச் சொட்ட நனைந்த மால்கம் குரல் கொடுத்தார். "க்ளெனிஸ், நாலாம் நம்பரை ஏத்திவிட்டது நீங்கதான்னு இன்னிக்கு விருந்துல சொல்லப்போறேன். சரிதானே?"

க்ளெனிஸ் குனிந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

வைமரிதான் பதில் சொன்னாள்.

"தாராளமாச் சொல்லுங்க, கோச். நாலாம் நம்பரை ஏத்தினது அவளேதான்."