திசை கற்ற சக்கரம்

டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டில், கவிழ்த்து வைத்த மின்சைக்கிளுக்குக் குகன் புதிய கன்ட்ரோலர் பொருத்தினான். மோட்டாருக்குத் திசை பழக்கும் அதன் இரண்டு வெள்ளை ஒயர்களை இணைத்ததும், பின்சக்கரம் நடைவேகத்தில் பின்னோக்கிச் சுற்றியது. அது சகஜம்தான், பிரித்து மறுபடி இணைத்தால் சரியாகிவிடும். பிரித்தான். சக்கரம் நிற்கவில்லை. பேட்டரியையே கழற்றி மேசைமேல் வைத்தான். அப்போதும் சுற்றியது.

“வந்துட்டேன்லா!” என்றது மனைவி லோகேஸ்வரியின் குரல். பசாருக்குப் போகும்போது கிரில் கதவை வெளியே பூட்டி, சாவியை அவள்தான் கொண்டுபோயிருந்தாள்.

குகன் கம்பி வழியே பார்த்தான். நடைபாதையில் அவள் பைகளோடு நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். கொஞ்சமும் நெருங்கவில்லை; அவள் காலடித் தரை சக்கரத்தின் அதே வேகத்தில் பின்னோக்கி நழுவிக்கொண்டிருந்தது.

“என்னங்க, மூச்சு வாங்குது. கொஞ்சம் நின்னுட்டு வர்றேன்.”

“நிக்காதே!” என்று அலறினான் குகன்.

அவள் பைகளைக் கீழே வைத்தாள்.