மஞ்சள் சீட்டு

காலை வெயில் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுகிறது. உள்ளே குளிரும் விசிறிகளின் இரைச்சலும்தான். மருத்துவமனை சர்வரின் மென்பொருளில் ஓர் ஓட்டை. அடைக்கும் பேட்ச் தயார். தற்காலிகமா நிரந்தரமா என்று திரை கேட்டு நிற்கிறது. பொறியாளர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி மேலாளர், "இப்போதைக்குத் தற்காலிகமா போடும்மா. ஏடாகூடமாச்சுன்னா ரீஸ்டார்ட் பண்ணா பேட்ச் போயிடும்" என்கிறார். "போயிடும்கிறதுதான் சார் பயமே. கரண்ட் போயிட்டு வந்தாலும் போயிடும். ஓட்டை திறந்துக்கும், நோயாளிங்க ரகசியமெல்லாம் சந்திக்கு வந்துடும்." "சோதிச்சுப் பாத்தியா?" "இன்னொரு மெஷின்ல ஒரு வாரமா ஓடுது. கல்லு மாதிரி நிக்குது." அவர் சர்வரின் பக்கம் திரும்புகிறார். தற்காலிகமாகப் போட்டால் சர்வரின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டுவதும், நிரந்தரமாக்கியதும் கிழிப்பதும் இங்கே வழக்கம். ஒட்டுவது மட்டும் ஒழுங்காக நடந்திருக்கிறது. விசிறிக் காற்றில் படபடக்கும் சீட்டுகளில் ஒன்று வெளுத்தே போய்விட்டது: 'நாளை நிரந்தரமாக்க வேண்டும்'. மேலாளரின் கையெழுத்துதான், எழுதியபோது அவர் தலையில் ஒரு நரைகூட இல்லை. அவள் 'நிரந்தரம்' என்பதைத் தேர்ந்து, தயங்காமல் விசையைத் தட்டுகிறாள். பச்சை விளக்குகள் முன்போலவே கண்சிமிட்டுகின்றன. மேலாளர் வெளுத்த சீட்டைப் பிய்த்து அவள் திரையின் ஓரத்தில் ஒட்டுகிறார். "சூட்டோட சூடா இதையும் முடிச்சுடும்மா."