போடாத கோட்டு

சூப்பர்வைசர் கோட்டைத் தூக்கி, அக்குள் பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். எதிரே நின்ற அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"போட்டிருக்கே" என்றார்.

"இல்ல சார். சைஸ் சேரல. அதான் ரிட்டர்ன் கொடுக்க வந்தேன்."

"சேராத கோட்டுல வேர்வை வாடை எப்படிம்மா வந்துச்சு? கோட்டு தானா வேர்த்துக்கிச்சா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசருக்கு அது போதாதா? கறுப்புக் கோட்டும் அவருமாக, இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, துணிக்கடையையே விலைக்கு வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

அவள் சொன்னது பொய்தான். வேறு என்ன செய்வாள்? ஆறு மாதமாக வேலை தேடி அலைந்து, இன்று காலையில்தான் ஒரு நல்ல கம்பெனியில் இன்டர்வியூ. இருக்கிற துணியெல்லாம் சாயம் போனவை. அதனால் நேற்று இந்தக் கோட்டை வாங்கினாள்.

இந்தக் கடையின் எல்லாக் கோட்டிலும் இடது கைப் பொத்தானில் மஞ்சள் டேக் கட்டியிருக்கும். அந்த நூல் அறுபடாமல் இருந்தால் மூன்று நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அவள் டேக்கைக் கோட்டுக் கைக்குள்ளே சுருட்டித் தள்ளிவிட்டு, முக்கால் மணி நேரம் இடது கையை மடியிலிருந்து எடுக்காமலே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். நாலு மணிக்குள் போன் செய்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"டேக் அப்படியே இருக்கு பாருங்க சார்."

"டேக் இருக்கும்மா. யோக்கியதைதான் இல்ல. உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

பில் போடும் அக்காவுக்கே மனசு பொறுக்கவில்லை. "விடுங்க சார், பாவம். மூணு மணிக்கு மாடியில உங்களுக்கே மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ இருக்கு. போற நேரத்துல எதுக்கு சார் இந்த வம்பு?"

"நீ உன் பில்லைப் போடு. இந்த மாதிரி ஏமாத்துக்காரங்களைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

சொல்லிக்கொண்டே கோட்டை மேஜையில் போட்டு, ஒரு கையாலேயே அதன் பைகளைத் துழாவினார். உள் பையிலிருந்து ஒரு அட்டை வந்தது. கம்பெனி வாசலில் கொடுத்த விசிட்டர் அட்டை. அவள் படம், இன்றைய தேதி, கீழே கம்பெனியின் போன் நம்பர். பாவி, அதை எடுக்க மறந்து தொலைத்திருந்தாள்.

"அடி சக்கை!" என்றார் சூப்பர்வைசர். "இன்டர்வியூவா?"

"தப்புதான் சார். கோட்டை நீங்க எடுத்துக்க வேணாம், நானே வச்சுக்கறேன். அட்டையை மட்டும் கொடுங்க, போயிடறேன்."

"போயிடுவியா? இந்த நம்பருக்கு இப்பவே போன் போடறேன். எங்க கடையை ஏமாத்துன கோட்டுலதான் இவ உங்க முன்னாடி வந்து உட்கார்ந்தா, வேலை கொடுத்தீங்கன்னா உங்க தலையிலயும் மிளகாய் அரைப்பான்னு சொல்றேன்."

"சார், உங்க கால்ல வேணா விழறேன். என் பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுடாதீங்க."

"போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அந்த ஆள் மேல் அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அட்டை அவர் கையில் இருந்தது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"என்ன இங்க கூட்டம்?"

எல்லாரும் திரும்பினார்கள். மூணு மணி இன்டர்வியூவை நடத்துவதற்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேடம். சூப்பர்வைசர் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது.

"வாங்க மேடம்! கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன். கடைத் துணியை இன்டர்வியூவுக்குப் போட்டுட்டுப் போய், காரியம் முடிஞ்சதும் பழையபடி கடையிலேயே மாட்டிடலாம்னு பார்க்கறாங்க. சுத்தப் பித்தலாட்டம் மேடம்!"

மேடம் கோட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "யாரா இருந்தாலும் இதுல இரக்கமே காட்டக் கூடாது. எனக்கு இது அறவே பிடிக்காது."

"அதேதான் மேடம் நானும் சொல்றேன்! இதோ, உங்க முன்னாடியே அந்தக் கம்பெனிக்குப் போன் போடறேன்."

அவருடைய வலது கையில் அவள் கோட்டும் அட்டையும் இருந்தன. வந்த உற்சாகத்தில், பைக்குள் இருந்த இடது கையை உருவி, சுவரில் மாட்டியிருந்த போனை எட்டி எடுத்தார்.

அவள் போனைப் பார்க்கவில்லை. அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடம் காதில் விழுகிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள்:

"சார், உங்க டேக் வெளிய தொங்குது."