திருநீறு பூசிய மீன்

“எறாவா? நம்ம ஃப்ரிட்ஜ்லயா?”

இறால் என்றதும் ராமலிங்கம் போட்ட சத்தத்தில் உள்ளே நெய்துகொண்டிருந்த மகன் முத்துக்குமார் தறியை நிறுத்திவிட்டான். மருமகள் துர்கா மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“சின்ன டப்பாதான் மாமா. ஓரமா வெச்சுக்கிறேன்.”

“முட்டைகூட ஏறாத ஃப்ரிட்ஜும்மா இது! மீன் வளர்க்கிறேன்னே, சரின்னேன். மீனுக்குக் கறிசோறு போடறேன்னா நான் இன்னா பண்ணட்டும்?”

அந்த ‘சரி’யும் சும்மா வந்துவிடவில்லை. கூடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியை வைத்து, கடல் உப்பைக் கரைத்து ஊற்றி, நாலு பாறையை உள்ளே அடுக்கி, “ஆறு வாரம் மீன் விடக் கூடாது” என்று துர்கா சொன்ன நாளிலிருந்து மாமனாருக்கு நல்ல பொழுதுபோக்கு.

“எதுக்கு ஆறு வாரம்? ஊறுகாயா போடறே?”

“தண்ணி பக்குவமாவணும் மாமா. நல்ல கிருமி வளரணும். அவசரப்பட்டு விட்டா மீன் செத்துடும்.”

“கல்லையும் உப்புத் தண்ணியையும் பார்த்துக்கினு ஆறு வாரம்! உன் பொறுமை தறிக்காரனுக்கே வராதும்மா.”

துர்கா சிரித்துக்கொண்டே தினம் தண்ணீரைச் சோதித்தாள். வெயிலில் வற்றினால் நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தாள். ஏழாவது வாரம் சென்னையிலிருந்து இரண்டு கோமாளி மீன்கள் வந்து சேர்ந்தன. ஆரஞ்சு உடம்பு, அதில் வெள்ளை வெளேரென்று மூன்று பட்டை.

ராமலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அட, மூணு பட்டை! நம்மாளுதாம்மா! திருநீறு பூசின மீன் சுத்த சைவமாத்தான் இருக்கும்.”

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அது மீன்களுக்குத் தெரிய வேண்டாமா?

கடைக்காரர் கொடுத்த தீனியை இரண்டும் வாயில் வாங்கி வாங்கித் துப்பின. மறுநாள் துர்கா குளித்துவிட்டு வருவதற்குள் தொட்டி முழுக்கப் பொரி மிதந்தது.

“இன்னா மாமா பண்ணீங்க!”

“கோயில் குளத்துல எத்தினி வருஷமா போடறேன்! அங்க அடிச்சுப் புடிச்சுத் தின்னுதே?”

“அது குளம் மாமா. இதுல பொரி ஊறினா தண்ணியே கெட்டுடும்.”

அரை மணி நேரம் வலையால் பொரியை அள்ளினாள். முத்துக்குமார் எந்தக் கட்சியிலும் சேராமல் தறியில் குனிந்துகொண்டான். பிழைக்கத் தெரிந்தவன்.

ஐந்தாம் நாள் சின்ன மீன் பாறைக்குப் பின்னால் போய் ஒதுங்கிவிட்டது. துர்கா பதறிப்போய்க் கடைக்காரருக்கு ஃபோன் போட்டாள்.

“பச்சை எறாவைப் பொடியா நறுக்கிப் போடுங்க மேடம். ஒருதடவை வாய் வெச்சுட்டா அப்புறம் தீனிக்குப் பழக்கிடலாம். இன்னும் ரெண்டு நாள் விட்டீங்கன்னா கஷ்டம்” என்றார் அவர்.

அதைச் சொல்லப் போய்த்தான் இந்தச் சத்தம்.

“ரெண்டு உசிரு பட்டினி கிடக்குது மாமா.”

“அதுக்கு இன்னொரு உசிரைக் கொல்லுவியா? முடியாதுன்னா முடியாது!”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

துர்காவுக்கு அழுகை வந்துவிட்டது. “பாறைகூட ஆறு வாரத்துல பக்குவமாயிடுச்சு. உங்கப்பா மனசு ஆவாதுங்க” என்று புருஷனிடம் புலம்பினாள்.

மறுநாள் காலை பார்த்தால், சின்ன மீன் பாறையை விட்டு வெளியே வந்து துறுதுறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அணையப் போகிற விளக்குப் பிரகாசமாக எரியும் என்பார்களே, அதுதானோ என்று அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. நேராகச் செவிலிமேட்டில் சுகாசினி வீட்டுக்கு ஓடினாள். சுகாசினி இவர்கள் வீட்டுப் பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டித் தருகிறவள். அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் எல்லாமே ஏறும்.

“அக்கா, எனக்காகக் கொஞ்சம் எறா வாங்கி உங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கங்க. தினம் வந்து ஒரு துளி எடுத்துக்கிறேன். பொறந்ததுலேருந்து அதைக் கையால தொட்டதில்ல. குமட்டினாலும் பரவாயில்ல, நறுக்கிக்கிறேன். எங்க மாமாவுக்கு மட்டும் தெரியவே கூடாது.”

சுகாசினி சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

“என் உசிரு போவுது, உங்களுக்குச் சிரிப்பு வருதாக்கா?”

சுகாசினி ஃப்ரீசரைத் திறந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினாள். உள்ளே அரிசி நொய் மாதிரி நறுக்கிய எறா.

“நேத்தே உங்க மாமா வாங்கிக்கினு வந்துட்டாரு. இங்க வாங்கினா யாராவது பார்த்துடுவாங்கன்னு வாலாஜாபாத்துக்கே பஸ் ஏறிப் போயிருக்காரு! இன்னிக்கு விடிகாலைல நடக்கப் போறேன்னுட்டு வந்து ஒரு துளி எடுத்துக்கினு போனாரு. நீ எழுந்துக்கிறதுக்குள்ள போட்டுட்டாராம். ரெண்டும் தின்னுச்சுன்னு ஃபோன் பண்ணிச் சொன்னாரு.”

துர்கா டப்பாவைக் கையில் வாங்கினாள். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இவ்ளோ பொடியா நறுக்கினது நீங்களாக்கா?”

“நான் நறுக்கித் தரேன்னுதான் சொன்னேன், கேட்டாத்தானே! ‘நான் கத்துக்கணும்மா. நீ ஒருநாள் ஊருக்குப் போயிட்டா, பாவம், அந்தப் பொண்ணு இதைத் தொட வேண்டி வரும்’னு, மூக்கைத் துண்டால கட்டிக்கினு அவரே உக்காந்து நறுக்கினாரு.”