மீற்றரில் மூவாயிரம்

புங்குடுதீவில், அம்பலவாணரின் காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சிவகரன் எழும்பினான்.

"பொம்பிளை பாக்க வந்தவையும் இவ்வளவு பாக்கமாட்டினம், தம்பி."

"உப்புக்காத்தில அடிப்பக்கம்தான் முதல் உக்கும், அண்ணை. இது உக்கேல்லை. பெடல் ரப்பரும் தேயேல்லை. ஆனா மீற்றரைத் திருப்பலாம், ரப்பரை மாத்தலாம். புதுசா எடுத்து ஆறு மாதம், மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடினதோ? நான் குறைய ஓடின காராத்தான் தேடித் திரியிறன்."

"நம்பாட்டி இதைப் பாரும்."

அம்பலவாணர் தன் மனைவியின் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அவவை டயலிசிஸுக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோகத்தான் வாங்கினனான். வேற ஓட்டமே இல்லை. போய்வர அறுபது கிலோமீட்டர்."

சிவகரன் திகதிகளை எண்ணினான். கிழமைக்கு இரண்டு தரம், இருபத்தைந்து கிழமைகள். ஐம்பது பயணங்களை அறுபதால் பெருக்கினால் சரியாக மூவாயிரம். மீற்றரில் பொய் இல்லை.

ஐம்பத்தோராவது திகதிக்கு நேரே ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"இப்ப அக்கா..."

"அவ கண்ணை மூடிட்டா, தம்பி. அதுதான் விக்கிறன். கார் உமக்குத் திருப்திதானே?"

சிவகரன் தன் தோள்பையைத் தடவினான். உள்ளே அவன் மனைவியின் புதுக் கிளினிக் கொப்பி இருந்தது. அதில் ஒரேயொரு திகதிதான் எழுதியிருந்தது: வரும் செவ்வாய்க்கிழமை, டயலிசிஸ்.

"அண்ணை," என்றான். "இதே வருத்தத்துக்கு ஓடினதில, மீற்றர் கூடக் காட்டுற கார் எங்கயேனும் இருக்கோ?"